கடலோரத்தில் ஒரு ராக்கெட்... மலையடிவாரத்தில் இன்னொரு ராக்கெட்! விம்பிள்டனைத் தொட்ட தென்காசி குடும்பத்தின் கதை

குலசேகரன்பட்டினம் என்றதும் முன்பெல்லாம் முத்தாரம்மன் கோயில் தசராதான் நினைவுக்கு வரும். இப்போது அதோடு ராக்கெட்டும் சேர்ந்துகொண்டது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட இஸ்ரோவின் ஏவுதளம் அங்கே உருவாகிவருகிறது. இலங்கையைச் சுற்றி வளைந்து போகாமல் நேராகத் தெற்கே பாயலாம் என்பதால்தான் அந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால், 'ராக்கெட்' என்ற சொல் அந்தச் சீமைக்குப் புதிது கிடையாது. 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரியும்வரை, குலசேகரன்பட்டினம் கடற்கரையிலிருந்து குற்றாலம் மலை வரை எல்லாமே திருநெல்வேலி மாவட்டம்தான். அதன் மேற்கு மூலையில், சிற்றாறு ஓடும் தென்காசியைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பம் வேறொரு ராக்கெட்டைக் கையில் எடுத்தது. மரத்தில் செய்து நரம்பு கட்டிய டென்னிஸ் ராக்கெட். அதைப் பிடித்துக்கொண்டு அப்பா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறைகள் ஓடின. மகன் விம்பிள்டனில் இரண்டு முறை அரையிறுதி வரை போனார். ஒற்றையர் ஆட்டத்தில் அந்தப் படியை அவருக்குப் பிறகு எந்த இந்தியரும் இதுவரை தொடவில்லை.

மகன் பெயர் ராமநாதன் கிருஷ்ணன். பேரன், ரமேஷ் கிருஷ்ணன். அப்பா டி.கே.ராமநாதன் பெயர்தான் இன்றைக்குப் பலருக்குத் தெரியாது. கதை அவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

அப்பாதான் கோச்!

டி.கே.ராமநாதனும் டென்னிஸ் வீரர்தான். தேசிய அளவில் ஆடியவர். ஆனால், வெளிநாடு போய்ப் பெரிய போட்டிகளில் ஆடும் வாய்ப்பெல்லாம் அன்றைய நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாக்கனி. தனக்குக் கிடைக்காததை மகனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். 1937 ஏப்ரல் 11-ல் பிறந்த கிருஷ்ணனுக்கு அப்பாவேதான் பயிற்சியாளர். அகாடமி, ஜிம், வீடியோ எதுவும் கிடையாது. பந்தை எங்கே வைத்தால் எதிராளி திணறுவார், எப்போது வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதுதான் பாடம்.

பையன் சீக்கிரமே கெட்டிக்காரனாகிவிட்டான். 1951-ல் சென்னையில் கல்லூரி மாணவர்களுக்கென்று நடந்த பெர்ட்ரம் கோப்பைப் போட்டியில் ஆட ஆசைப்பட்டான். அப்போது அவன் பள்ளி மாணவன். லயோலா கல்லூரி முதல்வரையே நேரில் பார்த்து அனுமதி கேட்டான். கிடைத்தது. கல்லூரி அண்ணன்களையெல்லாம் தோற்கடித்துக் கோப்பையையும் வாங்கிவந்தான்.

அடுத்து லண்டன். 1953-ல் விம்பிள்டன் ஜூனியர் இறுதிப் போட்டியில் இங்கிலாந்தின் பில்லி நைட்டிடம் தோல்வி. மறுவருஷம் விடவில்லை. 1954 இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பரை நேர் செட்களில் வென்று கோப்பையைத் தூக்கினார். விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்ற முதல் ஆசியர் அவர்தான். அன்று தோற்ற அதே கூப்பர், நான்கே ஆண்டுகளில் பெரியவர்கள் பிரிவில் விம்பிள்டன் சாம்பியன் ஆனார் என்றால், கிருஷ்ணன் எப்படிப்பட்ட ஆளை வென்றிருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணனின் ஆட்டத்தை 'டச் டென்னிஸ்' என்பார்கள். பலம் காட்டாமல் தொட்டு ஆடுவது. சர்வீஸில் இடி முழக்கம் இருக்காது. எதிராளி அனுப்பும் வேகத்தையே வாங்கி, அதைக் கொஞ்சம் திருப்பி, அவர் நிற்காத மூலைக்கு அனுப்பிவிடுவார். தரையைத் தொட்டு எழும்பும் கணத்திலேயே பந்தைத் தட்டும் 'ஹாஃப் வாலி' அவர் கையில் அவ்வளவு சுலபமாக வரும். புல் தரையில் பந்து உயரமாக எழும்பாது, வழுக்கிக்கொண்டு போகும். அப்படிப்பட்ட தரையில் இந்த வித்தைக்குத் தனி மரியாதை. வாள் சண்டையில் ஒருவர் விசிறியோடு வந்து ஜெயித்தால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அப்படி.

வேண்டாம் என்று சொன்ன ஒன்றரை லட்சம் டாலர்

1959 அவருக்குப் பொன்னான வருஷம். லண்டன் குயின்ஸ் கிளப் போட்டியின் இறுதியில் நீல் ஃப்ரேஸரை வென்றார். விம்பிள்டனில் அந்த வருஷ சாம்பியன் அலெக்ஸ் ஒல்மீடோவிடம் மூன்றாவது சுற்றில் தோற்றாலும், டேவிஸ் கோப்பையில் ராட் லேவரையே வீழ்த்தினார். லேவர் யார் என்று சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரே ஆண்டில் நான்கு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களையும் இரண்டு முறை வென்ற ஒரே ஆண் வீரர்.

அந்த நேரத்தில்தான் அமெரிக்காவின் ஜாக் கிரேமர் வந்தார். முன்னாள் விம்பிள்டன் சாம்பியன். தொழில்முறை வீரர்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போட்டி நடத்தியவர். மூன்று வருஷ ஒப்பந்தம், ஒன்றரை லட்சம் டாலர் உத்தரவாதம் என்றார். அன்றைய மதிப்பில் ஏழு லட்சம் ரூபாய்க்கு மேல். 1959-ல் ஏழு லட்சம் என்றால் எவ்வளவு பெரிய தொகை என்று வீட்டிலிருக்கும் தாத்தா பாட்டியைக் கேட்டால் சொல்வார்கள்.

கிருஷ்ணன் வேண்டாம் என்றுவிட்டார்.

அதற்குப் பின்னால் ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் காலத்தில் டென்னிஸ் இரண்டு உலகங்களாகப் பிரிந்து கிடந்தது. காசு வாங்காமல் ஆடுகிற அமெச்சூர் வீரர்களுக்குத்தான் விம்பிள்டனிலும் டேவிஸ் கோப்பையிலும் இடம். காசு வாங்கியவர் மறுநாளே வெளியே. லேவரே 1962-ன் முடிவில் அந்தப் பக்கம் போனதால், ஐந்து வருஷம் விம்பிள்டனில் கால் வைக்க முடியவில்லை. 1968-ல்தான் அந்தச் சுவர் உடைந்தது. அந்த வருஷ விம்பிள்டன் சாம்பியனுக்கு முதன்முறையாகப் பரிசுப் பணம் கொடுத்தார்கள், 2,000 பவுண்டு. 2025-ல் முதல் சுற்றிலேயே தோற்று வீட்டுக்குப் போகிறவருக்குக் கிடைத்தது 66,000 பவுண்டு, ஏறத்தாழ 75 லட்சம் ரூபாய்!

விம்பிள்டனில் இரண்டு முறை அரையிறுதி வரை போன கிருஷ்ணனுக்குப் பரிசுப் பணம் என்று ஒரு பைசா கிடையாது. 1960-ல் அரையிறுதியில் ஃப்ரேஸரிடம் தோற்றார். 1961-ல் காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் அனுப்பிவைத்துவிட்டு, அரையிறுதியில் லேவரிடம் தோற்றார். இரண்டு முறையும் அவரைத் தோற்கடித்தவர்தான் கோப்பையை வென்றார். 1962-ல் அவருக்கு நான்காவது தரவரிசை இடம் கொடுத்தார்கள். இந்த முறை பட்டம்தான் என்று ரசிகர்கள் காத்திருந்தபோது கணுக்கால் காயம். பாதியிலேயே விலக வேண்டியதாயிற்று. அதற்கு மேல் விம்பிள்டனில் அந்த உயரம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

2-5 என்று பின்தங்கியபோது...

பணத்தை விட்டுக் கொடுத்து அவர் வைத்துக்கொண்டது டேவிஸ் கோப்பையை. நாடுகளுக்கு இடையிலான போட்டி அது. நான்கு ஒற்றையர், ஓர் இரட்டையர். ஐந்தில் மூன்றை வெல்பவருக்கு வெற்றி. அந்தக் காலத்தில் நடப்புச் சாம்பியன் நாடு நேராக இறுதிக்குப் போய்க் காத்திருக்கும். மற்ற நாடுகள் எல்லாம் மோதி, மிஞ்சுகிற ஒன்று அதனிடம் போய்ச் சவால்விட வேண்டும்.

1966 டிசம்பர். கல்கத்தாவில் இந்தியாவும் பிரேசிலும் மோதின. ஜெயிப்பவர் ஆஸ்திரேலியாவோடு இறுதிப் போட்டி ஆடலாம். நான்கு ஆட்டங்கள் முடிந்தபோது 2-2. ஐந்தாவது ஆட்டத்தில் கிருஷ்ணனும் பிரேசிலின் தாமஸ் காக்கும். கிருஷ்ணனுக்கு அப்போது 29 வயது. காக், வயதில் இளையவர், இடக்கைக்காரர், அடி ஒவ்வொன்றும் இடி. மூன்று செட் முடிந்தபோது காக் 2-1 என்று முன்னிலை. நான்காவது செட்டிலும் 5-2. இன்னும் ஒரே ஒரு கேம் எடுத்தால் பிரேசில் இறுதிக்குப் போய்விடும்.

அங்கிருந்துதான் கிருஷ்ணன் திரும்பினார். ஆவேசமாக அடித்து இல்லை, வழக்கம்போலத் தொட்டுத்தான். அடுத்த ஐந்து கேம்களையும் வரிசையாக எடுத்து செட்டை 7-5 என்று முடித்தார். ஐந்தாவது செட் 6-2. முழு ஸ்கோர்: 3-6, 6-4, 10-12, 7-5, 6-2. டைபிரேக்கர் இல்லாத காலம் என்பதால்தான் அந்த 10-12. இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்குள் நுழைந்தது.

மெல்போர்னில் நடந்த இறுதியில் ஆஸ்திரேலியா 4-1 என்று வென்றது. இந்தியாவின் அந்த ஒரு வெற்றி இரட்டையரில் வந்தது. கிருஷ்ணனும் வங்காளத்தின் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து, 1965 விம்பிள்டன் இரட்டையர் சாம்பியன்களான நியூகம்ப்-ரோச் ஜோடியை வீழ்த்தினார்கள். கிரேமரின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் கல்கத்தாவும் நடந்திருக்காது, மெல்போர்னும் நடந்திருக்காது. ஒன்றரை லட்சம் டாலர் அதற்கு ஈடாகுமா என்று கேட்டால், கணக்குப் போடுகிறவரைப் பொறுத்து பதில் மாறும். குடும்பம் நடத்த அவர் பின்னாளில் சென்னையில் ஒரு காஸ் ஏஜென்சி நடத்தினார் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்று உலக அளவில் அந்த இடத்தில் இருக்கும் வீரர் சிலிண்டர் ஏஜென்சி நடத்துவதைக் கற்பனை செய்ய முடியுமா?

அர்ஜுனா விருது, பத்மஸ்ரீ, பத்மபூஷண் எல்லாம் அவரைத் தேடி வந்தன. டேவிஸ் கோப்பையில் மட்டும் ஒற்றையரும் இரட்டையருமாக 69 ஆட்டங்களில் வென்றிருக்கிறார்.

மணிலாவில் ஒரு குட்டி வீரர்

ஆசியாவில் பலத்தை நம்பாமல் டென்னிஸ் ஆடியவர் கிருஷ்ணன் ஒருவர் மட்டுமா? பிலிப்பைன்ஸில் ஃபெலிசிசிமோ ஆம்போன் என்று ஒருவர் இருந்தார். உயரம் ஐந்து அடிக்கும் ஓர் அங்குலம் குறைவு. வலைக்கு அந்தப்பக்கம் ஆறடி ஆட்கள் நிற்க, ஓடி ஓடிப் பந்தைத் திருப்பிக்கொண்டே இருப்பார். பிரெஞ்சுப் போட்டியில் காலிறுதி வரை போனவர். 1958-ல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் முதன்முறையாக டென்னிஸைச் சேர்த்தபோது, ஆண்கள் ஒற்றையர் இறுதியில் மோதிய இருவருமே பிலிப்பைன்ஸ்காரர்கள். ரேமண்டோ டேரோ தங்கம், ஆம்போன் வெள்ளி.

அதற்குப் பிறகு அங்கே பெரிய வெறுமை. ஒரு தலைமுறையின் திறமை அடுத்த தலைமுறைக்குக் கைமாறவில்லை. தென்காசி குடும்பத்தின் அதிர்ஷ்டம், இங்கே கைமாறியது.

ஒரு அம்மாவின் தொழிற்சாலை

நடுவில் சென்னையில் இன்னொரு குடும்பமும் ராக்கெட்டைத் தூக்கியிருந்தது. ராபர்ட்-மேகி அமிர்தராஜ் தம்பதிக்கு மூன்று பையன்கள்: ஆனந்த், விஜய், அசோக். இங்கே ஆட்டத்தைப் பிடித்து நிறுத்தியவர் அம்மா. அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை நடத்திக்கொண்டே மேகி பிள்ளைகளை கோர்ட்டுக்கு ஓட்டினார். விஜய் சின்ன வயதில் மூச்சுக் கோளாறால் அடிக்கடி படுத்தவர். அந்தப் பையன்தான் 1973-ல் விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் இரண்டிலும் காலிறுதிக்குப் போனார். அமெரிக்க ஓப்பனில் அவரிடம் தோற்றவர்களில் லேவரும் ஒருவர். அடுத்த ஆண்டு அதே போட்டியில் பியான் போர்க்கும் அவரிடம் தோற்றார். 1983-ல் 'ஆக்டோபஸி' படத்தில் ஜேம்ஸ் பாண்டோடு நடித்ததைத்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் அதிகம் ஞாபகம் வைத்திருப்பார்கள்! கடைக்குட்டி அசோக்கோ 1974 விம்பிள்டன் ஜூனியர் இறுதி வரை ஆடிவிட்டு, ஹாலிவுட்டில் படத் தயாரிப்பாளர் ஆகிவிட்டார்.

அந்த 1974-ல்தான் இந்திய டென்னிஸின் மிகப் பெரிய முடிவும் எடுக்கப்பட்டது. ஆனந்தும் விஜயும் இருந்த அணி, கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்தது. ஐந்து ஆட்டங்களில் மொத்தம் 327 கேம்கள் ஆடிய மாரத்தான் அது. அரையிறுதியில் சோவியத் யூனியனையும் வென்றார்கள். இறுதியில் எதிரணி தென்னாப்பிரிக்கா. கறுப்பர்களைச் சட்டம் போட்டு ஒதுக்கிவைத்திருந்த நிறவெறி ஆட்சி அங்கே நடந்துகொண்டிருந்தது. அவர்களோடு ஆட மாட்டோம் என்று இந்தியா சொல்லிவிட்டது. பந்து ஒன்றுகூட அடிக்காமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. ஜெயித்திருக்கக் கூடிய அணி நம்முடையது. உச்ச ஃபார்மில் இருந்த இளம் சகோதரர்களுக்கு அது எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும்! என்றாலும் அந்த முடிவைத் தவறு என்று சொல்ல இன்றைக்கு யாருக்கும் வாய் வராது.

தாத்தா வளர்த்த பேரன்

1961-ல் பிறந்த ரமேஷ் கிருஷ்ணனுக்கு அப்பா மட்டுமல்ல, தாத்தா ராமநாதனும் வாத்தியார். மகனுக்குச் சொல்லிக் கொடுத்த அதே பாடம் பேரனுக்கும். 1979-ல் ரமேஷ் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார். அப்பா வென்று சரியாக 25 வருஷம் கழித்து! அதே வருஷம் பிரெஞ்சு ஜூனியர் பட்டமும் வந்தது.

ஆனால், பேரன் காலத்தில் விளையாட்டே மாறத் தொடங்கியிருந்தது. மர ராக்கெட் போய் கிராஃபைட் ராக்கெட் வந்தது. எடை குறைவு, முகம் பெரிது, அடித்தால் குண்டு மாதிரி போகும். ரமேஷின் சர்வீஸ் அந்தக் கூட்டத்திலேயே மெதுவானது. அதை வைத்துக்கொண்டு அமெரிக்க ஓப்பனில் 1981, 1987 இரண்டு முறையும், விம்பிள்டனில் 1986-லும் காலிறுதி வரை போனார். உலகத் தரவரிசையில் 23-ம் இடம் வரை ஏறினார். 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் உலகின் நம்பர் 1, நடப்புச் சாம்பியன் மாட்ஸ் விலாண்டரை நேர் செட்களில் வெளியேற்றினார்.

எல்லாவற்றுக்கும் மேல் 1987. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே அணியில். முதல் சுற்றில் அர்ஜென்டினாவுக்கு எதிராக 33 வயது விஜய், இரண்டு செட் பின்தங்கித் தோல்வியின் விளிம்பிலிருந்து திரும்பி வந்தார். அரையிறுதி சிட்னியில். நடப்புச் சாம்பியன் ஆஸ்திரேலியா, அவர்கள் புல் தரை, அவர்கள் கூட்டம். 2-2 என்று நின்றபோது கடைசி ஆட்டம் ரமேஷ் தோளில் விழுந்தது. வாலி மஷரை மூன்றே செட்களில் முடித்தார். 21 வருஷத்துக்கு முன் கல்கத்தாவில் அப்பா செய்ததை மகன் சிட்னியில் செய்தார். இந்தியா மூன்றாவது முறையாக இறுதியில்.

ஸ்வீடன்காரர்கள் விவரமானவர்கள். கோத்தன்பர்க்கில் உள்ளரங்குக்குள் களிமண் தரை போட்டுவைத்திருந்தார்கள். வழுக்காத, பந்தை உயர எழுப்பும் அந்தத் தரையில் தொட்டு ஆடும் வித்தை எடுபடவில்லை. 5-0. அதன் பிறகு டேவிஸ் கோப்பை இறுதியை இந்தியா எட்டவே இல்லை.

வீட்டுக்கு வெளியே...

இத்தனையும் இரண்டு வீடுகளின் சாதனை. அரசாங்கத் திட்டமோ சங்கமோ உருவாக்கியது என்று சொல்ல முடியாது. வீட்டில் ஓர் அப்பாவோ அம்மாவோ பிடிவாதமாக நின்றால் வீரன் கிடைப்பான். நிற்காவிட்டால் கிடைக்க மாட்டான். அதை உணர்ந்தோ என்னவோ, 1980-களில் அமிர்தராஜ் குடும்பம் சென்னையில் பிரிட்டானியா நிறுவனத்தோடு சேர்ந்து அகாடமி தொடங்கியது. கல்கத்தாவிலிருந்து அங்கே வந்து சேர்ந்த பையன்தான் லியாண்டர் பயஸ். 1990-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம், 1996-ல் அட்லான்டா ஒலிம்பிக் வெண்கலம். கிருஷ்ணன் குடும்பமும் சென்னையில் தங்கள் பெயரிலேயே பயிற்சி மையம் நடத்தியது.

கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்றை வென்றார். கிராண்ட்ஸ்லாம் பிரதானச் சுற்றில் ஓர் இந்தியப் பெண் வென்றது நவீன காலத்தில் அதுவே முதல்முறை. சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன், முழங்கால் காயங்களோடு பல வருஷம் போராடி, 29 வயதில், 2019-ல் நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் ஆடினார். தரவரிசை 75 வரை போனார். ராம்குமார் ராமநாதன் 2017-ல் அப்போதைய உலகின் 8-ம் நிலை வீரர் டொமினிக் தீமையே தோற்கடித்தார். ஆனால், கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் தகுதிச் சுற்றில் அவர் முட்டிய தடவைகளுக்குக் கணக்கில்லை.

திறமைக் குறைவு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. வாராவாரம் ஒரு நாடு போக வேண்டும். பயிற்சியாளர், உடற்பயிற்சி நிபுணர், ஹோட்டல், விமானம் எல்லாம் கைக்காசு. சின்னப் போட்டிகளில் கிடைக்கும் பரிசு டிக்கெட்டுக்குக்கூடக் காணாது. 1997 முதல் நுங்கம்பாக்கத்தில் நடந்த ஆண்கள் சர்வதேசப் போட்டியும் 2018-ல் புனேவுக்குப் போய்விட்டது. வீட்டிலிருந்து பஸ் பிடித்துப் போய் உலக வீரர்களோடு மோதும் வாய்ப்பு சென்னைப் பையன்களுக்கு அதோடு போனது.

வெறுமையாகிப்போன பிலிப்பைன்ஸின் கதை எங்கே போய் நின்றது என்றால், அலெக்ஸாண்ட்ரா ஈலா என்ற பெண்ணிடம். சிறுமியாக இருக்கும்போதே ஸ்பெயினின் மயோர்க்கா தீவிலுள்ள ரஃபேல் நடால் அகாடமிக்குப் போனார். 2022-ல் அமெரிக்க ஓப்பன் ஜூனியர் பட்டம். 2025 மார்ச்சில் மயாமி போட்டியில், தரவரிசையில் 140-ம் இடத்தில் இருந்துகொண்டு, ஓஸ்டபென்கோ, மேடிசன் கீஸ், இகா ஸ்வியாடெக் என்று மூன்று கிராண்ட்ஸ்லாம் சாம்பியன்களை வரிசையாக வீழ்த்தி அரையிறுதிக்குப் போனார். ஆம்போனின் நாடு மறுபடி டென்னிஸ் பார்க்க உட்கார்ந்தது.

2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த பெண்கள் சர்வதேசப் போட்டியில் தகுதிச் சுற்றிலிருந்து ஏறி அரையிறுதி வரை வந்தார் ஒரு 15 வயதுப் பெண். கோயம்புத்தூரின் மாயா ராஜேஷ்வரன் ரேவதி. அவர் இப்போது பயிற்சி எடுப்பதும் அதே மயோர்க்கா அகாடமியில்தான்.